பரஸ்கோவியா வாங்காத கோப்பை

மால்டோவாவில் ஓர்ஹேய் பக்கத்துக் கிராமத்து ஆஸ்பத்திரியில் பரஸ்கோவியா இருபத்தாறு வருஷமாக நர்ஸ். குத்திய ஊசிக்குத் திரும்ப மூடி மாட்டாதே என்று சுவரில் எழுதி ஒட்டியதே அவள்தான். கை கேட்டால்தானே? திராட்சைத் தோட்டக்காரர் நிகிஃபோருக்கு ரத்தம் எடுத்துவிட்டு மூடியை மாட்டப் போனாள். ஊசி கட்டைவிரலில் ஏறிவிட்டது. பதறிப்போய் விரலைப் பிதுக்கி ஸ்பிரிட்டை ஊற்றினாள். பிதுக்கக் கூடாது, சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும் என்று அவளுக்குத் தெரியாதா என்ன? பயத்தில் எல்லாம் மறந்துபோனது.

யாரிடமும் மூச்சு விடவில்லை. நிகிஃபோருக்குச் சின்ன வயதில் காமாலை வந்ததாம். அது தண்ணீரால் வந்த ஹெபடைடிஸ் ஏ வகையாக இருக்கும், வந்துபோனால் போனதுதான். ரத்தத்தால் வரும் பி வகைக்கு அவள் தடுப்பூசி போட்டாயிற்று. இப்படித் தேற்றிக்கொண்டிருந்தவளுக்கு மூன்றாம் நாள் அவர் ரத்த முடிவு வந்தது. சி வகை. அதற்குத் தடுப்பூசியே கிடையாது.

அன்றே வீட்டில் தன் தட்டையும் கரண்டியையும் ஒதுக்கி வைத்தாள். மறுநாள் செத்தவர்களுக்கான ஈஸ்டர்; குடும்பங்கள் கல்லறைகளில் கூடி உண்டு குடிக்கும் நாள். மாமனார் கல்லறை முன்னால் கணவனின் அண்ணன் தூதோசே ஒயினை ஊற்றி, தான் குடித்து, அதே கோப்பையை அவளிடம் நீட்டினார். அவள் கையை நீட்டவில்லை.

"என் வாய் பட்டது உனக்கு ஆகாதோ, நர்சம்மா? அப்பா பாத்துக்கிட்டிருக்காரு."

"உங்க வாய் இல்ல அத்தான். என் வாய்தான் ஆகாது."

அங்கேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். ரொட்டி தின்றுகொண்டிருந்த வாய்கள் அப்படியே நின்றன.

மறுநாள் டாக்டர் அக்ரிப்பினா, மூடி மறைத்ததற்காக அவளை ஒரு பிடி பிடித்தாள். "குத்தின அன்னைக்கே சொல்றதுக்கென்ன? கோப்பையில, கரண்டியில சி ஒட்டாதுடி. ரத்தத்தோட ரத்தம் சேந்தாதான் வரும். உன் புருஷனோட சவரக் கத்திய மட்டும் தொடாத, உன்னுதையும் அவருக்குக் குடுக்காத."

அன்றைய பரிசோதனையில் எதுவும் இல்லை. அதற்கு, ஊசி குத்தும் முன்பு இல்லை என்றுதான் அர்த்தம்; குத்தியதில் தொற்றியதா என்பது ஆறு வாரம் கழித்துத்தான் தெரியும். ஆறு வாரம் தினமும் கண்ணாடியில் கண் மஞ்சளாகிறதா என்று பார்த்தாள். சி வகை பெரும்பாலும் அப்படி அடையாளம் காட்டாது என்று தெரிந்துமே பார்த்தாள்.

ஆறாவது வாரம் கிருமி இல்லை என்று முடிவு வந்ததும் நேரே நிகிஃபோர் வீட்டுக்குப் போனாள். மாத்திரை சாப்பிட ஆரம்பித்திருந்த மனிதர், வெட்கத்தில் ஊர்ப்பக்கமே வருவதில்லை.

"உனக்கு இல்லியேம்மா?"

"இப்போதைக்கு இல்ல. திராட்சை அறுப்பு சமயத்துல இன்னொரு தடவை பாக்கணும்."

அவர் தோட்டத்தைப் பார்த்தார். காய் இன்னும் மிளகளவுகூட இல்லை.