கிச்சன் வாசலுக்கு ஏற்ற வாள்

பத்து வயதில் உங்களை ஒரு கடைக்குள் நிறுத்தி, "எந்த வாள் வேணும், சொல்லு" என்று யாராவது கேட்டிருக்கிறார்களா? இல்லையா? பாவம் நீங்கள். என்னைக் கேட்டார்கள். கேட்டது அக்கா.

பேட்டரி போட்டால் பச்சை லைட் எரியுமே, அந்தப் பொம்மை வாள் இல்லை. நிஜ இரும்பு. ஐரோப்பாவில் ஆளாளுக்குக் கோட்டை கட்டிக்கொண்டு ஒருவரையொருவர் வெட்டிக்கொண்ட காலத்து வாளின் அச்சு அசல் நகல். விளிம்பு மட்டும் மழுங்கல். அதற்கே எனக்குப் பெரிய வருத்தம்.

வாள் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். அக்காவிடம் ஒரு பழைய லேப்டாப்பும், காதை முழுசாக மூடுகிற பெரிய ஹெட்ஃபோனும் இருந்தன. சாதாரண நாளில் தொட்டால் கையை ஒடிப்பாள். ஆனால் அப்பா குடித்துவிட்டு வருகிற நாட்களில் அவளே என்னைக் கூப்பிட்டு, தலையில் ஹெட்ஃபோனை மாட்டி, கோட்டை பிடிக்கிற கேமைப் போட்டுக் கொடுப்பாள். வால்யூமையும் அவளே கூட்டுவாள். "நான் வந்து சொல்ற வரைக்கும் கழட்டாதே. கழட்டினா அடுத்த வாட்டி கிடையாது." பிறகு கதவைச் சாத்திவிட்டு வெளியே போய்விடுவாள். எனக்குக் கொண்டாட்டம். கிளாசில் எவனுக்கும் இப்படி ஒரு அக்கா இல்லை. "அப்பா இன்னிக்குக் குடிப்பாராம்மா?" என்று அம்மாவிடம் ஆசையாகக் கேட்டதும் உண்டு.

தோ பாயோவில் ஓர் அடுக்குமாடி பிளாக்கில் எங்கள் வீடு. எல்லாம் நல்ல வீடுதான், பாத்ரூம் மட்டும் மகா மோசம். அம்மா அதில் அடிக்கடி வழுக்கி விழுவார். ஒரு முறை உதடு கிழிந்தது. ஒரு முறை கை, கட்டுப் போட்டார்கள். நான் அதே பாத்ரூமில் சோப்புத் தண்ணீர் ஊற்றிச் சறுக்கி விளையாடுவேன், ஒரு நாளும் விழுந்ததில்லை. அம்மாவுக்கு பேலன்ஸ் போதாது என்று முடிவு கட்டியிருந்தேன். அப்பா வழுக்காத ரப்பர் மிதியடி வாங்கிப் போட்டார். அம்மா அதன் மேலும் விழுந்தார்.

ஒரு தடவை யாரோ போன் செய்து போலீஸ் வந்தது. டிவி சத்தம் கொஞ்சம் அதிகமாகிவிட்டது என்று அம்மா கதவருகே நின்று சிரித்துக்கொண்டே சொன்னார். அவர்கள் போனதும், டிவியே போடவில்லையே என்று நான் அம்மாவைத் திருத்தினேன். அக்கா என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

அக்காவுக்கு அப்போது பதினெட்டு முடிந்திருந்தது. பாலிடெக்னிக் படிப்பு, வார இறுதியில் பபிள் டீ கடையில் வேலை. என் பிறந்தநாளுக்கு முன்னால் ஒரு நாள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "உன் கேம்ல வர்ற மாதிரி நிஜ வாள் ஒண்ணு வாங்கலாமா?" என்றாள். தீபாவளிக்குப் பெரியவர்கள் எனக்கு உறையில் போட்டுக் கொடுத்த அங்பாவ் பணமும் அவள் சம்பளமும் சேர்த்து மொத்தம் இருநூறு வெள்ளி. அதற்கு மேல் ஒரு காசு கிடையாது என்பது கண்டிஷன். நான் செத்தே போயிருப்பேன், அவ்வளவு சந்தோஷம்.

அதன் பிறகு நான் மனிதனாகவே இல்லை. ஸ்கூல் லேப்பில் வாள் படங்களாகத் தேடினேன். இரண்டு கையாலும் பிடிக்கிற நீள வாள், கறுப்புத் தோல் சுற்றிய பிடி, நுனியில் சிங்கத் தலை. இதுதான் என் வாள். என் உயரத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. அக்காவிடம் வரைந்து காட்டினேன். அவள் படத்தைப் பார்க்கவில்லை, நீளத்தைத்தான் கேட்டாள். கேட்டுவிட்டுக் கிச்சனுக்குப் போனாள்.

எங்கள் கிச்சன் வாசல் குறுகல். ஒரு பக்கம் பிரிட்ஜ், மறு பக்கம் சுவர். அக்கா உள்ளே நின்று, ஹாலைப் பார்த்தபடி, அப்பாவின் நீளக் குடையை எடுத்துப் பக்கவாட்டில் வீசினாள். பிரிட்ஜில் டங்கென்று இடித்தது. குடையின் நடுவில் பிடித்து வீசினாள். இடிக்கவில்லை. அந்த இடத்தில் ரப்பர் பேண்ட் ஒன்றைச் சுற்றினாள். "இந்த அளவுக்கு மேல வேணாம்."

"வாளைக் கிச்சன்லயா வைக்கப் போறோம்?"

"எங்க வேணா வைக்கலாம்லா. சின்ன வீடு."

நியாயம்தானே. நானும் விட்டுவிட்டேன்.

கடை லிட்டில் இந்தியாவில், ஒரு பழைய ஷாப்பிங் சென்டரின் மாடியில். கீழே பூக்கடை, பணம் மாற்றுகிற கடை, மாடிப்படி முழுக்க மல்லிகையும் ஊதுபத்தியும் கலந்த வாசனை. மேலே போனால் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் கவசம், கேடயம், சுவர் முழுக்க வாள். கடைக்கார அண்ணன் குடுமி போட்டு, தொப்பைக்கு மேல் மண்டை ஓடு படம் போட்ட கறுப்பு டீ-ஷர்ட் போட்டிருந்தார்.

"வாங்க ராஜா. எந்த ஊரைப் பிடிக்கப் போறீங்க?"

"ஜூரோங்," என்றேன்.

"ஜூரோங்கா? அங்க டிராஃபிக் ஜாஸ்திலா. புங்கோல் பிடிங்க, காத்து நல்லா வரும்."

என் சிங்கத் தலை வாள் அங்கே நிஜமாகவே தொங்கியது. முந்நூற்று எண்பது வெள்ளி. நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா தலையாட்டவில்லை, திட்டவும் இல்லை, அடுத்ததைப் பார்த்தாள். சரி, இரண்டாவது காதல்: தங்க நிறப் பிடி, இரண்டு பக்கமும் சிங்கம், நடுவில் சிவப்புக் கண்ணாடிக் கல். நூற்று இருபதுதான். கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

"அழகாத்தான் இருக்கு," என்றார் அண்ணன். "ஆனா சுவருக்குத்தான். கத்தியோட வால் ஒல்லியா ஒரு கம்பி, அதுதான் பிடிக்குள்ள போகுது. நீங்க வீசினீங்கன்னா பிடி உங்க கையில இருக்கும், கத்தி பக்கத்து பிளாக்குக்குப் போயிடும்."

நான் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. "வீசினாலும் கழண்டு போகாததா ஒண்ணு காட்டுங்கண்ணே. இந்த நீளத்துக்குள்ள." கையோடு கொண்டுவந்திருந்த குடையை நீட்டி ரப்பர் பேண்டைக் காட்டினாள்.

உள்ளேயிருந்து ஒன்றை எடுத்து வந்தார். ஒரு கை வாள். சிங்கம் இல்லை, கல் இல்லை, ஒரு கோடு கூட இல்லை. குறுக்கே நேராக ஒரு இரும்புக் கட்டை, அடியில் உருண்டையாக ஒரு குமிழ். படு மொக்கை. இதற்கு நூற்றுத் தொண்ணூறு கேட்டார். வால் அகலமாகக் குமிழ் வரைக்கும் ஒரே இரும்பாகப் போகிறதாம், பாறையில் அடித்தாலும் கழலாதாம். எனக்கு அழுகை முட்டியது.

அக்கா உறையிலிருந்து உருவினாள். முதல் தடவை மாட்டிக்கொண்டது. திரும்பப் போட்டு மறுபடி உருவினாள். மறுபடி. கண்ணாடியைப் பார்த்து நின்று கையை நீட்டினாள். நுனி ஆடியது.

"இது வெட்டுமாண்ணே?"

"வெட்டாது. ஆனா இரும்பு இரும்புதான், மண்டையில பட்டா மண்டை போயிடும்."

"வெட்ட வேணாம். பார்த்தா வெட்டும்னு தோணணும். அதுவே போதும்."

கடைக்கார அண்ணன் அதுவரை சிரித்துக்கொண்டேதான் இருந்தார். அப்போது நிறுத்திவிட்டார். "யாருக்கும்மா இது?"

"தம்பிக்கு. பர்த்டே."

அவர் என்னைப் பார்த்தார். நான் இரட்டைச் சிங்கத்தைக் கட்டிப் பிடித்தபடி மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தேன். பிறகு அக்காவின் ஐசி அடையாள அட்டையை வாங்கி வயதைப் பார்த்தார். இரண்டையும் பார்க்க ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார். கடைசியில், "நூத்தி எண்பது குடு, போதும்," என்றார். வாளை அட்டைப்பெட்டியில் வைத்துப் பழுப்பு டேப்பால் சுற்று மேல் சுற்றாக ஒட்டினார். வீட்டுக்குப் போகும் வரை பிரிக்கக் கூடாது, ரோட்டில் எடுத்தால் போலீஸ் பிடிக்கும் என்றார். நாங்கள் கதவுக்கு வந்துவிட்டோம், பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"தங்கச்சி. ரெண்டு கையாலயும் பிடி. நடுக்கம் வெளிய தெரியாது."

பஸ்ஸில் நான் சிங்கங்களுக்காக அழுதுகொண்டே வந்தேன். அக்கா பெட்டியை முழங்கால்களுக்கு நடுவில் வைத்து, இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் முகம் அவ்வளவு நிம்மதியாக இருந்து நான் பார்த்ததே இல்லை. தனக்குப் பிடித்ததை வாங்கிவிட்ட திமிர் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பா வருவதற்குள் வீட்டுக்குப் போய்விடலாம் என்பது அவள் கணக்கு. ஆனால் லிஃப்ட் கதவு மூடும் நேரத்தில் ஒரு கை நடுவில் வந்தது. அப்பா. ஷிஃப்ட் சீக்கிரம் முடிந்துவிட்டதாம். கூடவே பக்கத்து வீட்டு மலாய் ஆன்ட்டி, அவருடைய அரிசி மூட்டையை அப்பா தோளில் தூக்கி வந்திருந்தார். எங்கள் பிளாக்கில் அப்பாவைப் பிடிக்காதவர் கிடையாது.

"என்னடா பெட்டி, இவ்ளோ நீளமா? துடைப்பமா?"

"வாள்ப்பா! நிஜ வாள்!"

ஆன்ட்டி சிரித்தார். அப்பா சிரித்தார். அக்கா மட்டும் மாடி எண்கள் மாறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டில் அப்பாவே டேப்பைக் கிழித்தார். உருவி, கையில் எடை பார்த்து, காற்றில் ஒரு வீசு வீசினார். குடிக்காத அப்பா எனக்கு ரொம்பப் பிடித்த அப்பா. "நல்ல சாமான்தான். ஆனா ஏன்டா இவ்ளோ குட்டையா வாங்கினே?"

மொக்கை வாளுக்கு ஒரு பெருமை கிடைத்ததில் எனக்கும் உற்சாகம் வந்துவிட்டது. "எல்லாம் அக்கா செலக்‌ஷன்ப்பா. அளந்து பார்த்து வாங்கினா. நம்ம கிச்சன் வாசல்ல நின்னு வீசினாக்கூட எங்கயும் இடிக்காது!"

அப்பா கிச்சன் வாசலைப் பார்த்தார். அங்கே அம்மா கரண்டியோடு நின்றிருந்தார். பிறகு அக்காவைப் பார்த்தார். அவர் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. ஒரு துளிகூடக் குறையவில்லை.

"என் பொண்ணுக்கு மூளை," என்றார். "இவ்ளோ நல்ல சாமானை உள்ள ஒளிச்சு வைக்கலாமா? நாலு பேர் பார்க்கணும்."

டிரில்லை எடுத்து வந்தார். ஸ்டூல் மேல் ஏறி, டிவிக்கு மேலே, கூரையை ஒட்டி ஓட்டை போட்டார். அக்காவைப் பக்கத்தில் நிற்க வைத்தார். "ஸ்க்ரூவை ஒண்ணொண்ணா குடு. கீழ போடாதே." அக்கா ஒவ்வொன்றாகக் கொடுத்தாள். வாளை மாட்டியதும் உறையையும் பிடியையும் சேர்த்துக் கம்பியால் நாலு இடத்தில் முறுக்கிக் கட்டினார். "விழுந்து யாருக்காவது பட்டுடக் கூடாது பாரு." அம்மா கீழே விழுந்த சுண்ணாம்புத் தூளைப் பெருக்கினார்.

அக்கா அறைக்குள் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். வாள் எங்கள் அறையில் இல்லாமல் போன கோபம் என்று நினைத்து, பக்கத்தில் உட்கார்ந்து தேற்றினேன். "பரவால்லக்கா. ஹால்ல இருந்தாத்தான் கெத்து."

அந்த வாரமே ஒரு சாயங்காலம், அப்பா அந்த மாதிரியாக வந்தார். அக்கா என்னைக் கூப்பிட்டு ஹெட்ஃபோனை மாட்டினாள். இரண்டு கையாலும்தான் மாட்டினாள். அப்படியும் என் காதில் நடுக்கம் தெரிந்தது. அன்று நான் பிடிக்கவே முடியாமல் இருந்த கடைசிக் கோட்டையைப் பிடித்துவிட்டேன். செம சண்டை. அவள் வந்து சொல்வாள் என்று காத்திருந்தேன், வரவில்லை. கடைசியில் அம்மாதான் வந்து கழற்றினார். அம்மாவுக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை. அக்கா ஹாலில், துண்டில் சுற்றிய ஐஸை முகத்தின் ஒரு பக்கம் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"வழுக்கிட்டேன்டா," என்றாள்.

எனக்கு அந்தப் பாத்ரூம் மேல் அப்படி ஒரு ஆத்திரம். அம்மாவை விட்டுவிட்டு இப்போது அக்காவையா? மறுநாள் அப்பாவிடம் போய், இன்னொரு ரப்பர் மிதியடி வாங்க வேண்டும், இது அக்காவுக்கு, என்று சொன்னேன். அப்பா என் தலையைத் தடவி, சரி என்றார். வாங்கியும் வந்தார். நீல நிறம்.

அதன் பிறகு வருடக்கணக்காக, என் பிறந்தநாளுக்கு அக்கா வாள் வாங்கிக் கொடுத்தாள் என்று வீட்டுக்கு வந்த ஒவ்வொரு நண்பனிடமும் பீற்றியிருக்கிறேன். அண்ணாந்து பார்த்துவிட்டு அவர்கள் கேட்பது ஒரே கேள்விதான், இவ்வளவு உயரத்தில் ஏன் மாட்டியிருக்கிறீர்கள் என்று. சேஃப்டி என்பேன்.

அக்கா இப்போது கிளமெண்டியில் தோழிகளோடு வாடகை வீட்டில் இருக்கிறாள். அம்மா இன்னும் இங்கேதான் இருக்கிறார்.