வெள்ளையம்மாளுக்குப் பேயோட்டிய நாள்

மாரமங்கலத்து வெள்ளையம்மாளுக்குக் கோபம் ஒன்றும் புதிதல்ல. ஆனால் நாற்பத்தெட்டு வயதில் வந்த கோபம் முதலில் அவள் மேலேயே வந்தது. அரிவாள் எடுக்க வீட்டுக்குள் போவாள். போனதும் எதற்கு வந்தோம் என்று நட்ட நடுவில் நின்றுவிடுவாள். காபிச் செடிக்குள் களை வெட்டிக்கொண்டே போனவளுக்கு எந்தப் பக்கம் வெட்டினோம், எது மிச்சம் என்றே தெரியாது. கட்டிக்கொடுத்த மகள் வீட்டுக்கு வந்தால், கூப்பிட வாயெடுத்தும் பெயர் வராது. “உனக்கென்னடி கேடு?” என்று தன் தலையில் தானே நங்கென்று குட்டிக்கொள்வாள்.

ராத்திரியில் தூக்கம் கிடையாது. மலைக்குளிரில் ஊரே கம்பளிக்குள் சுருண்டு கிடக்க, இவளுக்கு மட்டும் உடம்பு தகதகவென்று எரிந்து வேர்த்துக் கொட்டும். பொறுக்க முடியாமல் ஒருநாள் பஸ் ஏறி ஏற்காட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கிருந்த நர்ஸ் நிதானமாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

“தீட்டு நிக்கிற வயசுங்கம்மா இது. சில பேருக்கு இப்படித்தான் சூடு கிளம்பும், தூக்கம் கெடும், தலைக்குள்ள மூட்டம் போட்ட மாதிரி இருக்கும். பைத்தியமெல்லாம் இல்லைங்க. கொஞ்சம் ஓய்வெடுங்க, செய்யற வேலையை வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே செய்யுங்க. மறக்காது.”

வெள்ளையம்மாளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வீட்டுக்கு வந்து புருஷன் ஐயாக்கண்ணுவிடம் அப்படியே ஒப்பித்தாள். “ஏனுங்க, ஊத்துத் தண்ணிய மட்டும் காலையில நீங்க கொண்டாந்து குடுத்தீங்கன்னா, நான் கொஞ்சம் படுத்து எந்திரிப்பனுங்க” என்றும் கேட்டாள். ஐயாக்கண்ணு வெற்றிலையை மென்றபடி, “ஊர்ல இருக்கற பொம்பளையெல்லாம் படுத்துக்கிட்டா இருக்கறா?” என்றான். அவ்வளவுதான் பேச்சு. குடத்தை எடுத்துக்கொண்டு அவள்தான் போனாள். போகிற வழியெல்லாம் பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு போனாள்.

ஆனால் நர்ஸ் சொன்ன வைத்தியம் பலித்தது. “ஆட்டைக் கட்டியாச்சு. களிக்கு உப்புப் போட்டாச்சு. கதவச் சாத்தியாச்சு” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே செய்தாள். பாதி வேலையில் முழிப்பது குறைந்தது. அதுவும் ஊருக்குப் பொறுக்கவில்லை. பக்கத்து வீட்டிலிருந்த நாத்தனார் குப்பாயி வேலியோரம் நின்று காது கொடுத்தாள். வீட்டில் வேறு ஆள் இல்லை. இவள் யாரிடம் பேசுகிறாள்? குப்பாயியின் வாயில் புகுந்த சேதி பொழுது சாய்வதற்குள் மேட்டுத் தெருவரை போய்விட்டது.

அந்தச் சமயம் பார்த்துத்தான் ஊர்ப் பண்டிகைக்குக் காப்புக் கட்டினார்கள். காப்புக் கட்டிவிட்டால் பண்டிகை முடியும்வரை எந்த வீட்டு அடுப்பிலும் மீன், கறி என்று கவிச்சி ஏறக்கூடாது. வெள்ளையம்மாளே வீட்டை மெழுகி, சட்டிகளை மாற்றி, கருவாட்டை ஓலையில் பொதிந்து பரணில் போட்டவள்தான். மூன்றாம் நாள் மத்தியானம் தலைக்குள் மூட்டம் இறங்கியிருந்த நேரம், குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. கை தன் பாட்டுக்குப் பரணுக்குப் போனது, பொதியைப் பிரித்தது, இரண்டு துண்டைக் கழுவிப் போட்டது. வாய் அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. வாசம் கிளம்பித் தெருவுக்குப் போன பிறகுதான், ஐயையோ என்று அவளுக்கு உறைத்தது.

கருவாட்டு வாசத்தை மூடி வைக்க முடியுமா? ஊரே வாசலில் கூடிவிட்டது. “தெரிஞ்சு செய்யலீங்க, மறந்துபோச்சுங்க” என்று கையெடுத்துக் கும்பிட்டாள். காப்புக் கட்டினதை ஒரு பொம்பளை மறப்பாளா என்று ஊர் கேட்டது. “இவ எங்க செஞ்சா? இவ மேல இருக்கறது செஞ்சது. நான் அப்பவே சொன்னனே, தனியாப் பேசறான்னு!” என்று குப்பாயி மார்பில் அடித்துக்கொண்டாள். ஐயாக்கண்ணு முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. பெண்டாட்டி குற்றவாளி என்பதைவிடப் பேய் பிடித்தவள் என்பது அவனுக்குச் சுலபமாக இருந்தது. பண்டிகை முடிந்ததும் பேயோட்ட மஞ்சக்குட்டைக் கோடாங்கியிடம் கூட்டிப்போவதாக ஊருக்கு வாக்குக் கொடுத்தான்.

கோடாங்கியின் வேப்பங்குழை அடிக்கு வெள்ளையம்மாள் பயப்படவில்லை; பெயருக்குத்தான் பயந்தாள். பேய் பிடித்தவள் என்று ஒருதரம் பெயர் விழுந்துவிட்டால், அப்புறம் அவள் வாயிலிருந்து எது வந்தாலும் அது அவள் பேச்சில்லை. பசிக்கிறது என்றாலும் பேய், வலிக்கிறது என்றாலும் பேய். சாகிற வரைக்கும் அதைச் சுமக்க வேண்டும்.

பண்டிகை முடிந்த மறுநாள் ஐயாக்கண்ணுவும் குப்பாயியும் அவளை மஞ்சக்குட்டைக்கு ஜீப்பில் கூட்டிப்போனார்கள். கோடாங்கி வேடியப்பன் வீட்டு முற்றத்தில் அவளை உட்காரவைத்து முடியை அவிழ்த்துவிட்டான். உடுக்கையை அடித்தான், திருநீற்றை முகத்தில் வீசினான். “யாரு நீ? எந்த மரத்துல இருந்து வந்தே? சொல்லு!” என்று வேப்பங்குழையால் முதுகில் விளாசினான். நாலைந்து அடி விழுந்ததும், “என்ன வேணும் உனக்கு? கேட்டு வாங்கிக்கிட்டுப் போ!” என்று கத்தினான்.

என்ன வேணும் என்று அவளைக் கேட்டு எத்தனை வருஷம் ஆயிற்று! வெள்ளையம்மாள் நிமிர்ந்தாள். அடிபட்ட வலியும் அத்தனை நாள் எரிச்சலும் ஒன்றாகக் கிளம்பித் தொண்டைக்கு வந்தன.

“காலையில தண்ணி எடுக்க மாட்டேன்! அந்தாளு எடுக்கணும்! மத்தியானம் படுக்கணும், யாரும் எழுப்பப்படாது! மறந்துபோச்சுன்னு சொன்னா சிரிக்கப்படாது!”

ஐயாக்கண்ணு தடாலென்று தரையில் விழுந்தான். “ஆகட்டும் ஆத்தா! அப்படியே செய்யறேன் தாயி! தண்ணி நானே எடுக்கறேன்!” என்று இரண்டு கையையும் கூப்பினான். குப்பாயியும் பின்னாலேயே கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. பேசாமல் தலையை இரண்டு சுற்றுச் சுற்றிக் கீழே சாய்ந்திருந்தால் போதும். மகாராணி மாதிரி வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் கும்பிட்டுக் கிடந்த புருஷனைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இதே தண்ணியைத்தானே கேட்டாள்? வெற்றிலையை மென்றுகொண்டு இதே வாய்தானே பதில் சொன்னது?

அவிழ்ந்து கிடந்த முடியை அள்ளி முடிந்துகொண்டு எழுந்தாள். “ஆத்தாவுமில்ல, தாயியுமில்ல. நாந்தான் கேக்கறேன். வெள்ளையம்மா.”

கூப்பியிருந்த கை மெதுவாகக் கீழே இறங்கியது. “நீயா?” என்றான் ஐயாக்கண்ணு. குரலும் பழைய குரலாகிவிட்டது.

“நானேதான்! இத்தன நேரமும் நாந்தான். கருவாடு போட்டதும் நான், மறந்ததும் நான், தனியாப் பேசறதும் நான். உடம்பு முடியலைங்க எனக்கு, தலை மூட்டமா இருக்குது. இதச் சொன்னப்ப உங்க காது எங்கீங்க போச்சு? பேய்க்கு விழுந்து கும்புடுவீங்க, கூடப் பொழைக்கறவளுக்கு ஒரு கொடம் தண்ணி வராதா?”

வேடியப்பன் உடுக்கையை மறுபடி எடுக்கப் போனான். “அதக் கீழ வையுங்க” என்றாள். அவள் நின்ற நிலையைப் பார்த்துவிட்டு அவன் வைத்துவிட்டான்.

ஐயாக்கண்ணுவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பேய்க்கென்று கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் தவித்தான். கோடாங்கி பக்கம் திரும்பி, தணிந்த குரலில் கேட்டான்:

“சாமி, இப்பப் பேசறது யாருங்க?”

“அவரை எதுக்குங்க கேக்கறீங்க?” என்றாள் வெள்ளையம்மாள். “நான் இங்கதான நிக்கறேன். என்னையக் கேளுங்க.”