அடுத்த வீட்டுப் படி

இரண்டு வருடங்களுக்கு முன், பதுளைப் பக்கம் ஹாலிஎலைக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் நடந்தது இது. கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டேன். பாரிசவாதம். பதுளை ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்த்து உயிரோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆனால் இடது காலும் கையும் என் பேச்சைக் கேட்கவில்லை. கக்கூசுக்குப் போவதென்றாலும் என் கணவர்தான் தூக்கிக்கொண்டு போய், முடியும்வரை பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அதை நினைத்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்தேன்.

நடக்கப் பழக்கும் ஆஸ்பத்திரி ஒன்றில் கட்டில் கிடைத்திருக்கிறது, திங்கட்கிழமை வாருங்கள் என்று போன் வந்ததும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பையைக் கட்டச் சொல்வேன், அவிழ்க்கச் சொல்வேன். தொளதொளவென்ற களிசானும் சப்பாத்தும் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். சேலை கட்டி வெறுங்காலோடு மலையேறிய எனக்குக் களிசானும் சப்பாத்துமா என்று அதற்கும் ஒரு எரிச்சல்.

இன்னொன்றும் கேட்டார்கள். வீட்டு வாசல், படி, கக்கூசுக்குப் போகும் வழி எல்லாவற்றையும் போனில் படம் பிடித்து அனுப்ப வேண்டும். "நீங்க திரும்பிப் போய் நடக்கப்போற எடத்துக்கு ஏத்த மாதிரித்தான் பழக்குவோம்" என்றார் போனில் பேசிய, நடக்கப் பழக்கும் மிஸ்.

என் கணவர் படம் எடுத்துவந்து காட்டினார். சிமெந்து பூசிய அழகான படி. பக்கத்தில் கைப்பிடிக் கம்பி. பார்த்ததும் எனக்குத் தலை கிறுகிறுத்தது. ஒரே கூரையின் கீழ் வரிசையாக வீடுகள் ஒட்டியிருக்கும் எங்கள் லயத்தில், அது அடுத்த வீட்டுப் படி!

"அதுல ஏறி எறங்கப்போறது நானா, அவங்களா? நம்ம படிய எடுங்க" என்று கத்தினேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "இந்த ஒடஞ்ச படியப் பாத்துட்டு, இவ்வளவு மோசமான எடத்துக்குப் போறவங்களப் பழக்க முடியாதுன்னு கட்டில வேற ஆளுக்குக் குடுத்துட்டா என்னா புள்ள பண்றது?"

கோபம் பாதியில் நின்றுவிட்டது. மனுஷன் வெட்கத்தில் செய்திருக்கிறார் என்று நினைத்தேன், பயத்தில் செய்திருக்கிறார். இப்போது அந்தப் பயம் என்னையும் பிடித்துக்கொண்டது. நிஜமாகவே வேண்டாம் என்றுவிட்டால்? அன்று முழுக்க அதே யோசனை. சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலை, நல்ல தூறல். அவர் தேத்தண்ணி ஊற்ற உள்ளே போன நேரம், நான் வாசலிலிருந்து உட்கார்ந்தபடியே நகர்ந்து, எங்கள் வீட்டுப் படியில் இறங்கி உட்கார்ந்துவிட்டேன். ஒரு கல் உயரம், ஒரு கல் பள்ளம், கீழே ஒரே சேறு. வெளியே வந்தவர் பதறிப்போய் ஏசினார். நானும் ஏசினேன்.

"தூக்காதீங்க. மொதல்ல படத்த எடுங்க."

எடுத்தார். சேலையெல்லாம் சேறு, சண்டைக்காரி மாதிரி முகம். அதையே அனுப்பினோம். திங்கள்வரை போன் அடித்தபோதெல்லாம் அவரை எடுக்கச் சொல்லிவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் வரவேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை.

அங்கே மற்றவர்கள் நேரான படியில் ஏறி இறங்கினார்கள். எனக்கு மட்டும் அந்த மிஸ் உயரமும் பள்ளமுமாகப் பலகைகளை அடுக்கினார். பிடித்துக்கொள்ளக் கம்பியும் தரவில்லை. "வீட்டுல இல்லையே அம்மா" என்று சிரித்தார். அவரை மனதுக்குள் திட்டாத நாளில்லை. அழுதும் இருக்கிறேன்.

வீடு திரும்பிய அன்று பொழுது சாயும் நேரம் எழுந்தேன். தூக்க வந்தவரின் கையைத் தட்டிவிட்டு, ஊன்றுகோலோடு எங்கள் படியில் மெதுவாக இறங்கினேன். கக்கூசுக்குள் போய்க் கதவைச் சாத்தி, உள்ளே தாழ்ப்பாள் போட்டேன்.

"புள்ள, இருக்கியா? விழுந்திடலியே?" என்று வெளியே அவர் தவித்துக்கொண்டிருந்தார்.

"கொஞ்ச நேரம் பேசாம இருங்க" என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

அடுத்த வீட்டுப் படியின் படம் போயிருந்தால் அந்தக் கதவை நான் தனியாகச் சாத்தியிருப்பேனா என்று நினைத்தால் இப்போதும் நெஞ்சு படபடக்கிறது, அதனால்தான் யாராவது "ஒங்களுக்கு என்னா கஷ்டம்?" என்று கேட்டால், அழகுபடுத்தாமல் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுகிறேன்.