அரச மரத்தடியில் ஒரு திமிங்கலம்

ஆறாம் வகுப்பில் புத்தர் பாடம் நடத்திய அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். அரச மரத்தடியில் உட்கார்ந்தால் ஞானமே வருமென்றால் கதை வராதா? எங்கள் நெரவியில், குளத்தங்கரையில் ஓர் அரச மரம் சும்மாதானே நிற்கிறது! தினமும் ஸ்கூல் வேன் வருவதற்குள் ஒரு கதை எழுதிவிடுவதென்று சபதம். எதற்கும் இருக்கட்டுமென்று வீட்டு முருங்கை மரத்தடியிலும் உட்கார்ந்து பார்த்தேன். கம்பளிப்பூச்சிதான் வந்தது.

அரச மரத்தடியில் கதை வந்தது, மளமளவென்று. எழுதியதை உடனே யாருக்காவது வாசித்துக் காட்டாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். அகப்பட்டவள் அத்தை. அப்பாவின் தங்கை, பக்கத்துத் தெருவில் வாழ்க்கைப்பட்டவள். குழந்தை வேண்டி தினமும் மரத்தைச் சுற்ற வருவாள். கணக்குத் தப்பாமலிருக்க, சுற்றுக்கு ஒரு புளியங்கொட்டையை மேடையில் வைப்பாள். அவளுடைய மாமியார் எதிரிலேயே உட்கார்ந்து மேற்பார்வை பார்ப்பார். நான் அத்தையோடு சேர்ந்து சுற்றிக்கொண்டே வாசிப்பேன்.

அன்றைய கதையில் ஒரு திமிங்கலம் கடலிலிருந்து அரசலாற்றில் ஏறி, காரைக்கால் பஸ் ஸ்டாண்டுக்கே வந்துவிட்டது. நாகப்பட்டினம் போகணுமாம். கண்டக்டரோ, ஆள் டிக்கெட்டெல்லாம் கிடையாது, லக்கேஜ்தான் போடுவேன் என்கிறார். அத்தை சிரித்த சிரிப்பில் புளியங்கொட்டையெல்லாம் சிதறி ஓடின.

மாமியார் எழுந்துவிட்டார். "போச்சா கணக்கு? முதல்லேர்ந்து சுத்து! ஏ புள்ள, இனிமே உன்ன இந்த மரத்தடியில பாத்தேன், உங்கப்பாகிட்டதான் பேசுவேன்."

மரம் போனால் கதையும் போச்சே! பேப்பரைச் சுருட்டிக்கொண்டு நகர்ந்தேன்.

"எங்கடி போற?" அத்தை மேடையில் சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டாள். "டிக்கெட் குடுத்தானா இல்லையா, அதச் சொல்லிட்டுப் போ."

"சுத்துன்னா உக்காந்துட்டா பாரு!"

"நான் சுத்தலங்க. கதைய கேக்கப்போறேன். நீங்களும் உக்காருங்க."

மாமியார் உட்காரவில்லை. போகவுமில்லை. நான் தொண்டை கிழிய வாசித்தேன். திமிங்கலத்தை பஸ் கூரைமேல் ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டிய இடத்தில் மூச்சு வாங்க நிறுத்தினேன்.

"அப்புறம்? பஸ்ஸு நவுந்துச்சா இல்லையா?" கேட்டவர் மாமியார்!

வேன்காரர் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தார். முடித்துவிட்டுத்தான் ஓடினேன். அப்பாவிடம் புகார் எதுவும் வரவில்லை. மரம் எனக்கே எனக்கு!

அதன் பிறகும் அத்தை தினமும் வந்தாள், கதை கேட்டாள், சிரித்தாள். மரத்தை மட்டும் சுற்றவே இல்லை. அந்த மேடையில் உட்கார அவளுக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டியிருந்திருக்கும் என்று நான் எங்கே கண்டேன்? எல்லாம் என் கதையின் மகிமை என்று ஸ்கூல் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.