பிள்ளையாருக்கு முதுகு காட்டிய நாதசுரம்

இக்குறிப்பை எழுதியே ஆகவேண்டிய தேவை, சென்ற கிழமை கிளிநொச்சிச் சந்தையில் உண்டாயிற்று. கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். முன்பின் அறியாத முச்சக்கரவண்டி ஓட்டுநர் ஒருவர் என் முகத்தை உற்றுநோக்கிவிட்டு, "ஐயா, குறை நினையாதேங்கோ, 'பொத்தடா வாயை' எண்டு ஒருக்காச் சொல்லுங்கோவன். மனிசிக்குக் காட்டோணும்" என்று கைப்பேசியை நீட்டினார். ஆயுளின் பெரும்பகுதியை இலக்கணம் கற்பித்தே கழித்தவனுக்கு உலகம் இறுதியில் அளித்த அடையாளம் இவ்விரு சொற்கள்தாம்.

சாரம் உடுத்து, மேலாடையின்றி, கையில் நெல் கிளறும் பலகையுடன், நான் ஒரு நாதசுர வித்துவானை ஏசும் காணொளி ஒன்றில் வருபவை அவை. அக்காணொளி கனடாவரை சென்றிருக்கிறது. அங்குள்ள பழைய மாணாக்கர் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, "சேர், நல்லாக் குடுத்தீங்கள். அவருக்கு உது வேணும்" என்று பாராட்டினார். அவருடைய பரீட்சை விடைத்தாளை நான் ஒருநாளும் இவ்வளவு மனமுவந்து பாராட்டியதில்லை. ஆயினும் உண்மை வேறு. நான் அவ்வித்துவானின் பகைவன் அல்லேன். அவருடைய வாசிப்புக்கு நான் அடிமை. வித்துவானின் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் இக்கட்டுரையையும் அவர் தம் முகநூற் பக்கத்தில் பகிர்ந்துவிடுவார்.

சந்தைக் கூரை தகரத்தாலானது. வெயில் ஏறியதும் அதிலிருந்து ஒரு மணம் இறங்கும். அம்மணம் என்னை எப்போதும் போர் முடிந்து நாங்கள் மீள்குடியேறியபின் வந்த முதல் திருவிழாவுக்கே கொண்டுபோய் நிறுத்திவிடுகிறது. எங்கள் பிள்ளையார் கோயிலுக்கு அன்று கோபுரமில்லை, கதவில்லை. நான்கு மரக்கம்புகளின்மேல் தகரம். பிள்ளையாரும் எங்களைப்போல் நிவாரணத்தில் இருந்தார். அளவொவ்வாத இரவற் சட்டையுடன் பளையிலிருந்து பேருந்தில் வந்திறங்கினார் வித்துவான். இடம்பெயர்ந்த வழியில் நாங்களெல்லாம் பாத்திரங்களையும் காணி உறுதிகளையும் சுமக்க, நாதசுரத்தைச் சுமந்தவர் அவர். அவர் வாசிக்கத் தொடங்கியதும் அதுவரை அழாதவர்கள் அழுதார்கள். முடிந்தபின் எவரும் கைதட்டவில்லை. எவரும் எவரையும் பார்க்கவுமில்லை.

அந்த உணர்ச்சிப் பெருக்கில் நான் ஒரு குற்றம் இழைத்தேன். அவருக்கு வாழ்த்துமடல் எழுதினேன். எம்மவர்க்கு ஒருவரைப் பிடித்துவிட்டால், பொன்னாடை போர்த்தி, பட்டம் சூட்டி, மடலைக் கண்ணாடிச் சட்டத்திலிட்டுக் கையில் கொடுத்தாலன்றி மனம் ஆறாது. 'நாதப் பெருங்கடல்' என்றேன். 'இவர்க்கு இணை எவருமிலர்' என்று எதுகை கருதி எழுதினேன். அவர் அதனை எதுகை என்று எடுத்துக்கொள்ளவில்லை.

பின்னர் எம் ஊருக்கும் படம்பிடிக்கும் கைப்பேசி வந்தது. சுவாமி வீதிவலம் வரும்போது நாதசுரக்காரர் சுவாமியை நோக்கி நின்று வாசிப்பது எம் வழமை. சென்ற ஆண்டு எம் வித்துவான் திரும்பி நின்றார். எதிரே ஒரு தடியின் நுனியில் கைப்பேசி, அதில் நேரலை. தம் முகமும் பிள்ளையாரும் ஒரே படத்துள் விழவேண்டுமெனில், பிள்ளையாருக்கு முதுகைக் காட்டுவதன்றி வேறு வழியில்லை.

"வித்துவான், பிள்ளையார் இஞ்சால எல்லோ நிக்கிறார்" என்றார் குருக்கள்.

"நிக்கட்டும் ஐயா. பின்னுக்கு நிண்டாத்தான் வடிவாத் தெரியிறார்."

ஆலாபனை பாதியில் நிற்கும். "நோர்வேயில இருந்து தம்பி ஒராள் இதயம் போட்டிருக்கிறார். நன்றி தம்பி!" என்பார். மீண்டும் ஊதுவார். அடுத்த இதயத்துக்கு மீண்டும் நிற்பார். ஏனைய வித்துவான்களை 'விசில் ஊதுற ஆக்கள்' என வகைப்படுத்துவார். ஐயமுறுவோர்க்கு என் மடலையே சான்றாக வாசித்துக் காட்டுவார்.

வீட்டில் நான் அவருக்காக வாதாடினேன். "கலைஞனுக்குக் கொஞ்சம் செருக்கு இருந்தாத்தான் வடிவு" என்றேன்.

"ஓமோம்" என்றார் என் மனைவியார், அரிசியிலிருந்து தலை நிமிராமலே. "அதுக்கு உரம் போட்டது ஆராம்?"

இவ்வாண்டு கோயிற்சபை கூடி முடிவெடுத்தது. இனி முதுகு காட்டமாட்டேன் என்று வாக்குத் தந்தால் திருவிழா அவருக்கு. இல்லையேல் வேறு மேளம். "உங்கட ஆள்தானே மாஸ்டர், நீங்களே சொல்லுங்கோ" என்று பொறுப்பை என் தலையில் இறக்கினார்கள். அவ்வாசிப்பைக் கேட்கும் பத்து நாளுக்காகவே மற்ற நாட்களைத் தள்ளிக்கொண்டிருப்பவன் நான். ஒரு சொல் பிழைத்தால் அப்பத்து நாளும் போய்விடும்.

முற்றத்தில் நெல்லைக் காயவிட்டிருந்த ஒரு காலைப்பொழுதில் அவரே வந்து நின்றார், சட்டைப்பையில் கைப்பேசி எட்டிப்பார்க்க.

"மாஸ்டர், எனக்கு மணிவிழா வருது. பெருங்கடல் பழசாப் போச்சு. புதுசா ஒரு பட்டம் யோசியுங்கோ."

நான் சபையின் முடிவை இயன்றவரை மென்மையாகச் சொன்னேன். அவர் சிரித்தார். "சனம் பாக்குது மாஸ்டர், கனடாவில இருந்து பாக்குது. பிள்ளையார் பாக்கிறாரோ எண்டு ஆருக்குத் தெரியும்?"

அப்போதுதான் என் தூய தமிழ் என்னைக் கைவிட்டது.

"பொத்தடா வாயை! உன்ர கதையைக் கேக்கவோடா நான் இருக்கிறன்? பெத்த பெடியனைச் சண்டையில குடுத்திட்டுக் கண்ணீர் வராமல் கல்லு மாதிரித் திரிஞ்சவனடா நான். அண்டைக்கு அந்தத் தகரத்துக்குக் கீழ என்னை அழவைச்சது நீயடா! நீ இப்பிடி நிண்டு ஆடினா, நான் அண்டைக்கு ஆரின்ர வாசிப்பைக் கேட்டு அழுதனான்?"

காணொளியில் உள்ளது முதல் இரு சொற்கள் மட்டுமே. நறுக்கிய புண்ணியவான், எஞ்சியதில் நகைச்சுவை போதாது எனக் கருதினார் போலும்.

வித்துவான் சட்டைப்பையிலிருந்து கைப்பேசியை எடுத்து அணைத்தார். அதுவரை நேரலை ஓடிக்கொண்டிருந்ததை அப்போதுதான் அறிந்தேன். என் மனைவியார் கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டு, "வாறன் மாஸ்டர்" என்று மோட்டார் சைக்கிளில் ஏறினார்.

திருவிழாவுக்கு வந்தார். கைப்பேசி இல்லை, பிள்ளையாரை நோக்கியே நின்றார். சபையார் அகமகிழ்ந்தனர். ஆனால் என்றுமில்லாதவாறு திரண்டிருந்த கூட்டம், சுவாமியை விட்டுவிட்டு எங்கள் இருவரையும் மாறிமாறிப் படம்பிடித்தது. "மாஸ்டர், கொஞ்சம் கிட்டப் போங்கோ, ரெண்டு பேரும் விழோணும்" என்றார் ஒருவர். வித்துவான் நன்றாகவே வாசித்திருப்பார். நான் கண்ணை மூடினேன். மூடிய கண்ணுக்குள்ளும் அவர் என்னைப் பார்க்கிறாரா என்ற நினைப்பே ஓடியது. ஓர் இராகம் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. வாசிக்கிறவர் எத்தகையவர் என்று அறியாமல் கேட்கும் பேறு என்னிடம் ஒருகாலத்தில் இருந்தது. அது இனி வாராது.

தகரக் கொட்டிலும் இப்போது இல்லை. அவ்விடத்தில் பல வண்ணக் கோபுரம் எழுந்துவிட்டது. அன்றைய வாசிப்பை ஒலிப்பதிவு செய்தவரும் எவருமில்லை. என் ஏச்சு என்றும் அழியாது. அவ்வாசிப்போ அன்றே காற்றோடு போயிற்று. அவர் முதலில் எடுத்தது முகாரி என்பது என் நினைவு. சகானா என்று சாதிக்கிறார் மனைவியார். திருவிழா முடிந்த மறுநாள் வித்துவானிடமே கேட்டேன்.

"ஞாபகம் இல்லை மாஸ்டர்" என்றார். "நானும் அழுதுகொண்டெல்லே ஊதினனான்."

ஆகவே, அன்று அக்கூரையின்கீழ் நின்றோர் எவரேனும் இதனை வாசிக்க நேர்ந்தால், அது எந்த இராகம் என்பதைத் தெரிவித்து என் பிழையைத் திருத்த வேண்டுகிறேன்.