மைப்பேனாவின் மூடி

மூடியைத் திருகிக் கழற்றி இடது உள்ளங்கையில் பொத்திக்கொண்ட பிறகுதான் வேலுசாமி பேனாவை நீட்டுவார். ஏற்காடு ஏரிக்குப் போகிற வழியில் உள்ள லாட்ஜில் வரவேற்பு மேசை அவருடையது. வந்தவர் கையெழுத்துப் போட்டு முடிக்கும்வரை அந்தக் கை விரியாது. "மூடியில்லாத மைப்பேனாவ எவனுங்க சட்டைப் பையில சொருகுவான்?" என்பார். நியாயம்தான். இத்தனை வருடத்தில் பேனா ஒரு தடவைகூடத் தொலைந்ததில்லை.

கையெழுத்துக்கு மட்டும்தான் அந்தச் சலுகை. யாராவது விலாசமும் எழுத ஆரம்பித்தால் மனிதர் பதறிப்போவார். "குடுங்க சாமி, நீங்க சொல்லுங்க, நான் எழுதிக்கறேன்." நிப்பு அவர் கைச்சாய்வுக்கே தேய்ந்தது, வேறு கை நாலு வரி எழுதினால் கெட்டுப்போகும் என்பது அவர் கட்சி. முதல் சம்பளத்தில் சேலம் கடைவீதியில் வாங்கிய கறுப்புப் பேனா அது. அரைகுறை மையோடு மலையேறினால், மேலே வந்து சேர்வதற்குள் மையைக் கக்கிவிடும். வெள்ளைச் சட்டைகள் பாழான பிறகே அவருக்கு இது புரிந்தது. இப்போது சேலத்துக்குப் பஸ் ஏறினால் பேனா டிராயரிலேயே தங்கிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை அதற்கு வெந்நீர்க் குளியல் உண்டு. "மூத்த சம்சாரத்துக்குத்தான் மொத வெந்நி. எனக்கெல்லாம் அப்புறந்தானுங்க" என்று மனைவி ஹேமலதா ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார். எழுத அந்தப் பேனாவை அவர் கேட்டதுமில்லை, இவர் கொடுத்ததுமில்லை.

சென்ற வருடம் ஹேமலதாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை பாதிதான் பிழைத்தது. உள்ளூர் பாங்கில் கையெழுத்து பழையதோடு ஒத்துப்போகவில்லை. புதிதாக ஒன்று போட்டுக் கொடுங்கள், முடியாவிட்டால் கைரேகை போதும் என்றார்கள். மகளிர் குழுவில் பாதிப் பேருக்குக் கையெழுத்துப் போடச் சொல்லிக்கொடுத்ததே ஹேமலதாதான். "நானே கைநாட்டு வெக்கறதாங்க?" என்று கேட்டு அழுதுவிட்டார்.

பாங்கில் சசிகலா என்ற அதிகாரி பால்பாயின்ட் பேனாவைக் கொடுத்தார். ஹேமலதாவின் விரல்களுக்கு அதை அழுத்த வலுவில்லை. காகிதத்தில் வெறும் கீறல்தான் விழுந்தது. சசிகலா தயங்கித் தயங்கி ஸ்டாம்ப் பேடைத் திறந்தார்.

"சித்த பொறுங்கம்மணி" என்ற வேலுசாமி, மூடியைத் திருகிக் கழற்றிவிட்டுத் தன் பேனாவை மனைவியின் விரல்களுக்குள் வைத்தார். "அழுத்தாத ஹேமா. சும்மா வெச்சு இழு, அதுவா எழுதும்."

"நிப்பு போயிருமுங்க."

"போனாப் போவுது."

முதலில் நிப்பு கரகரத்தது. வேலுசாமி, தான் எழுதுவதற்கு வைப்பதுபோலவே காகிதத்தைச் சற்றுச் சாய்த்துப் பிடித்தார். மை இறங்கியது. எழுத்துகள் நடுங்கிக்கொண்டுதான் வந்தன. ஆனாலும் ஹேமலதா என்று தெளிவாகப் படிக்க முடிந்தது.

"நொம்ப நல்லா இருக்குதுங்கக்கா, இதே போதும்" என்று சசிகலா ஸ்டாம்ப் பேடை மூடினார்.

ஹேமலதா கண்ணைத் துடைத்துக்கொண்டு பேனாவைத் திருப்பி நீட்டினார். வேலுசாமி அதை வாங்கவில்லை. பொத்தியிருந்த இடது கையை விரித்து, மூடியை மனைவியின் உள்ளங்கையில் வைத்தார்.