அஞ்சு காகித ஆடும் ஒரு நிஜ ஆடும்

அரையாண்டு லீவு விட்ட முதல் நாளே எங்க வீட்டுல கிறிஸ்மஸ் குடில் வேலை ஆரம்பமாயிருச்சு.

மகளுக்கு அஞ்சு வயசு, மகனுக்கு மூணு. நாங்க மூணு பேரும் உக்காந்து சார்ட் பேப்பர்ல அஞ்சு ஆடு வெட்டினோம். ஒண்ணு பன்னி மாதிரி வந்துச்சு, பரவாயில்ல. பசை தீந்துபோனதால சோத்தை மசிச்சுத் தடவி, மேல பஞ்சு ஒட்டி, வாசல்ல காயவச்சோம்.

கை கழுவிட்டு வாரேன், பக்கத்து வீட்டு அக்காவோட வெள்ளாடு கடைசி ஆட்டை மென்னுக்கிட்டு நிக்கிது!

மகன் ஒரே அழுகை. மக அழல. ஆட்டோட கயித்தைப் பிடிச்சு இழுத்துட்டுப் போய் குடில் பக்கத்துல கட்டிப்புட்டா.

அக்கா தேடிக்கிட்டு வந்தாங்க. "ஆட்டை அவுத்து விடு தங்கம்."

"எங்க அஞ்சு ஆட்டையும் தின்னுருச்சு பெரியம்மா. இனி அஞ்சு ஆட்டு வேலையையும் இதுதான் பாக்கணும்."

அக்காவுக்குச் சிரிச்சுச் சிரிச்சுப் புரையேறிருச்சு. "சரி, பகல்ல மட்டும் நிக்கட்டும். திங்க எலை கொழை நீங்கதான் போடணும்"னுட்டுப் போய்ட்டாங்க.

இப்ப எங்க குடில்ல மாதாவும் சூசையப்பரும் ஒரு சாண் உயரம். ஆடு என் இடுப்பு உயரம். அது கூரை வைக்கோலையே பாத்துக்கிட்டு நிக்கிது.

பாக்க வர்றவங்க கேக் எல்லாம் வாங்க வேணாம். ஒரு கட்டு வேப்பங்கொழை போதும், ஆனா சீக்கிரம் வாங்க.